காரணம் தெரியவில்லை

அழுத பிள்ளைக்குத்தான் பால் என்பார்கள். மேற்கு மண்டலக் காணாமற்போனோர் மையத்தில் அழுகையை யாரும் காது கொடுத்துக் கேட்பதில்லை. அது சார்ட்டில் தெரிய வேண்டும். தெரிந்தால் தேடுவார்கள், இல்லாவிட்டால் வரிசையில் நிற்க வேண்டியதுதான். இது அநியாயம் என்று சத்தம் போட வந்தவர்கள்கூட, வந்த வேகத்தில் ஒரு டோக்கன் வாங்கிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார்கள்.

அந்த சார்ட்டுகளைப் போடுகிறவள் சிந்துஜா. ஒப்பந்த ஊழியர். 'சுவடு' என்ற மென்பொருளில் ஒவ்வொரு ரிப்போர்ட்டுக்கும் சார்ட் சேர்ப்பது அவள் வேலை. வட்டமா, பட்டையா, கோடா. எதை வைத்துப் பிரிப்பது, வயதா, ஊரா, போன காரணமா. எதற்குச் சிவப்பு, எதற்குப் பச்சை. மண்டலத்தில் காணாமல் போகிற ஒவ்வொருவரும் அவளிடம் வந்து சேரும்போது ஓர் எண்ணிக்கையாகத்தான் வருவார்கள். போன மாசியிலிருந்து அந்த எண்ணிக்கையில் அவள் கணவன் யுவராஜும் உண்டு.

அவன் சாயப்பட்டறை ஒன்றில் நிறம் சரிபார்க்கிற வேலையில் இருந்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் குடத்திலும் கேனிலும் நல்ல தண்ணீர் பிடித்து வைத்தான். பைக்கை வெயில் படாத பக்கம் தள்ளி நிறுத்தினான். போனை சார்ஜில் போட்டுவிட்டு வெளியே போனான். அவ்வளவுதான்.

செம்மாண்டவலசு காவல் நிலையத்தில் எஸ்.ஐ. புகாரை டைப் அடித்துக்கொண்டே கேட்டார்.

"சண்டை ஏதாச்சும்?"

"இல்லீங்க சார்."

"கடன்?"

"இல்லீங்க."

"வேற பொம்பளை?"

"அப்படியெல்லாம் இல்லீங்க சார்."

"அப்பக் காரணம்னு எதைம்மா போடறது? அதைப் போடாம மென்பொருள் அடுத்த பக்கம் போகாது. குடும்பத் தகராறுன்னு போட்டுக்கறேன். எல்லாரும் அதைத்தான் போடறாங்க."

"நடக்காததை எப்படிங்க சார் போடறது? தெரியலைன்னு போடுங்க."

"இந்த ஸ்டேஷன்ல இதுவரைக்கும் ஒருத்தருமே அப்படிப் போட்டதில்ல" என்றார் எஸ்.ஐ. ஆனாலும் போட்டார். கடைசியில் அவள் சொன்னபடியே 'காரணம் தெரியவில்லை' என்று பதிவானது. பன்னிரண்டு வருடம் கூட வாழ்ந்த மனிதனைப் பற்றிப் பொய் எழுதவில்லை என்ற ஆறுதலோடு அவள் வீட்டுக்குப் போனாள். அந்த ஆறுதல்தான் வினையாக வந்து முடிந்தது.

மையத்தின் கண்காணிப்பாளர் ஞானசெல்வம் நல்ல மனிதர். கோபம் வராது, வந்தாலும் டீ சாப்பிட்டால் போய்விடும். அவருக்கு ஒரே ஒரு பிடிவாதம்: மாதாந்திர ஆய்வுக் கூட்டத்தில் திரையில் ஓடுவதெல்லாம் ரிப்போர்ட்டின் முதல் பக்கத்திலேயே அடங்க வேண்டும். வட்டத்தில் பதினைந்து துண்டும் அவற்றுக்குப் பக்கத்தில் பதினைந்து பெயரும் இருந்தால் மேலிடத்துக்காரர்கள் கண்ணைச் சுருக்குவார்கள், கண்ணைச் சுருக்கினால் கேள்வி கேட்பார்கள். அதனால் நூற்றுக்கு ஐந்துக்குக் கீழே இருக்கும் துண்டுகளை எல்லாம் சேர்த்து 'மற்றவை' என்று ஒரே துண்டாக்கிச் சாம்பல் நிறம் அடிக்கச் சொல்லியிருந்தார். சிந்துஜாவும் அப்படியே அமைத்திருந்தாள். அது யுவராஜ் போவதற்கு வெகு காலம் முந்திய ஏற்பாடு. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பதெல்லாம் சோற்றுக்குத்தான் பொருந்தும். சார்ட்டில் எந்தப் பூசணிக்காயையும் மறைக்கலாம்.

'காரணம் தெரியவில்லை' ரொம்பச் சின்னத் துண்டு. எல்லா ஸ்டேஷனிலும் எல்லா எஸ்.ஐ.யும் ஏதாவது ஒரு காரணத்தைப் போட்டுவிடுகிறார்கள் அல்லவா. அது சாம்பலோடு சாம்பலாகப் போனது.

அதனால் என்ன கெட்டுப்போகிறது என்று அவள் முதலில் நினைத்தாள். வழக்கு வழக்காகத்தானே இருக்கிறது, சார்ட் வெறும் படம்தானே. ஆனால் மாதங்கள் போகப் போக யுவராஜின் பெயரில் ஒரு சிறு அசைவுகூட இல்லை. ஒருநாள் வேறு ஒரு கோளாறுக்காகச் சென்னையிலிருந்து மென்பொருள் கம்பெனி ரஃபீக் பேசும்போது, அவள் போகிற போக்கில் கேட்பதுபோலக் கேட்டாள்.

"கம்பத்துக்குக் கம்பம் காமிரா இருக்கே ரஃபீக். ஒரு மனுசன் ஒண்ணுல கூடவா தெரியாமப் போவாரு?"

"காமிரா எல்லாரையும் பாத்துட்டுதான் இருக்கு மேடம். ஆனா இன்னாரைத் தேடுன்னு சொன்னாத்தான் தேடும். காணாமப் போன எல்லா மூஞ்சியையும் எல்லா காமிராலயும் ஒரே நேரத்துல தேடணும்னா மெஷின் பத்தாது. அதனால காமிரா நேரத்தைப் பங்கு பிரிச்சுக் குடுக்கறோம்."

"யாரு பிரிக்கறது?"

"முன்னாடி உங்க சார்தான். காலைல வருவாரு, சார்ட்டைப் பாப்பாரு, எது உசரமா இருக்கோ அதைக் கவனிங்கன்னு சொல்லுவாரு. சுவடு சில வருஷம் அதைப் பாத்துட்டே இருந்துச்சு. இப்ப அதுவே சார்ட்டைப் பாத்துப் பிரிச்சுக்குது. சார் சொல்ற வரைக்கும் காத்திருக்கறதில்ல."

"அப்ப நாங்க போடற சார்ட்தான் உத்தரவு."

"அப்படியும் வச்சுக்கலாம் மேடம்."

"மற்றவைன்னு ஒண்ணு வருதே, அதுக்கு எவ்வளவு நேரம்?"

ரஃபீக் கொஞ்சம் சிரித்தான். "மற்றவையில என்னா இருக்குன்னு உங்க சார் என்னிக்காவது கேட்டிருக்காரா மேடம்? அவர் கேக்காததை அது எங்கேந்து கத்துக்கும்?"

போனை வைத்துவிட்டு அவள் அடுத்த வேலையை எடுத்தாள். பதறியிருக்க வேண்டும். பதற்றம் வரவில்லை. யுவராஜ் போனதிலிருந்தே அவளுக்கு எதுவும் உரிய நேரத்தில் வருவதில்லை, பசி உட்பட. யாராவது "எப்படி இருக்கீங்க" என்று கேட்டால் கொஞ்சம் யோசித்துத்தான் பதில் சொல்வாள்.

அந்த வாரம்தான் வசந்தாமணி வரத் தொடங்கினாள். பனியன் கம்பெனியில் பிசிர் வெட்டுகிறவள், ஐம்பதை ஒட்டிய வயது. அவளுடைய அப்பா நாச்சிமுத்துவுக்கு ஞாபகம் தப்பிவிட்டது. பஸ் ஸ்டாண்டில் இவள் தண்ணீர் பாட்டில் வாங்கத் திரும்பிய நேரத்தில் எழுந்து நடந்துவிட்டார். விசாரணை ஜன்னலில் யாரும் முகம் கொடுத்துப் பேசாததால், கதவு திறந்திருந்த சிந்துஜாவின் அறைக்குள் எட்டிப் பார்த்தாள்.

"அம்மிணி, எங்கய்யனைத் தேடறாங்களான்னு மட்டும் பாத்துச் சொல்றியா? கூட்டிட்டு வாங்கன்னு கேக்கல. தேடறாங்களான்னு தெரிஞ்சாப் போதும்."

சிந்துஜா பார்த்தாள். 'முதியோர், ஞாபகமறதி' வட்டத்தில் மூன்றாவது பெரிய துண்டு, ஆரஞ்சு நிறம். காமிரா நேரம் தாராளமாக ஒதுக்கப்பட்டிருந்தது.

"தேடறாங்கக்கா. நல்லாவே தேடறாங்க."

"நீ நல்லா இருக்கோணும் சாமி" என்று சொல்லிவிட்டு அவள் போனாள். அந்த ஆரஞ்சுத் துண்டின் மேல் சிந்துஜாவுக்குப் பொறாமை வந்தது. வெகு நாள் கழித்து அவளுக்கு வந்த முதல் உணர்ச்சி அதுதான், அதையும் நல்லது என்று சொல்வதற்கில்லை.

மறுநாள் மதிய சாப்பாட்டுக்கு எல்லோரும் எழுந்து போன பிறகு ரிப்போர்ட்டில் ஒரு புது சார்ட் சேர்த்தாள். வகை: கோடு. பிரிப்பது: போன காரணம். காட்டுவது: 'காரணம் தெரியவில்லை' மட்டும். முடிந்த வழக்குகளை நீக்கி, நிலுவையை மட்டும் வைத்தாள். கோடு தரையோடு தரையாகக் கிடந்தது. இடப்பக்க அச்சு பூஜ்யத்தில் தொடங்கும்வரை எந்தச் சின்ன எண்ணும் அப்படித்தான் கிடக்கும். அச்சை எண்கள் இருக்கிற இடத்துக்குச் சற்றுக் கீழிருந்து தொடங்க வைத்தாள். கோடு விருட்டென்று எழுந்து வலப்பக்க மூலையில் போய் முட்டியது. நிறம் சிவப்பு. ஒரு எண்ணைக்கூட மாற்றவில்லை. அதைச் சொல்லித்தான் பிறகு தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டாள், அது கொஞ்ச நாளைக்குத்தான் உதவியது.

ஞானசெல்வம் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

"என்னம்மா இது, கொல்லிமலை ஏறுற ரோடு மாதிரி நிக்குது?"

"இந்த வகையில ஒருத்தருமே கிடைக்கறதில்லைங்க சார். ஏறிட்டேதான் போகுது. கீழ இறங்கினதே இல்ல."

அது உண்மை. அந்தக் கோடு ஒருமுறைகூட இறங்கியதில்லை. அது ஏன் என்று அவளும் கேட்கவில்லை, அவரும் கேட்கவில்லை.

"இதை நாமதான் கண்டுபிடிச்சோம்னு மேலிடத்துக்குத் தெரியட்டும். முதல் பக்கத்துலயே வச்சிடும்மா" என்றார் அவர். பிறகு குரலைத் தாழ்த்தி, "உங்க வீட்டுக்காரர் கேஸும் இதுலதானே வருது?" என்று கேட்டார்.

"ஆமாங்க சார்."

"ம்" என்றார். வைக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. நல்ல மனிதர் என்று முதலிலேயே சொன்னேன்.

ஒரு பக்கத்தில் ஒன்றைச் சேர்த்தால் ஒன்று வெளியே போக வேண்டும். முதியோருக்கென்று இருந்த தனி சார்ட் யாரும் புரட்டிப் பார்க்காத இரண்டாம் பக்கத்துக்குப் போனது.

'சுவடு' அன்று மாலையே புரிந்துகொண்டது. காமிரா நேரம் ஒரேயடியாகத் திசை திரும்பியது. ஆரஞ்சிலிருந்து கழிந்து சிவப்பில் ஏறியது. யாருக்கும் யாரும் போன் செய்யவில்லை, கையெழுத்தில்லை, விவாதமில்லை. மண்டலம் முழுக்கக் கம்பங்களில் இருந்த கண்கள் யுவராஜையும் அவனைப் போன்றவர்களையும் தேடத் தொடங்கின. சிந்துஜா வீட்டுக்குப் போகும் வழியில் சிக்னலில் நின்று, மேலே இருந்த காமிராவை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். பார்த்துக்கொள் என்று சொல்லத் தோன்றியது.

வசந்தாமணி அடுத்த முறை வந்தபோதும் அதே கேள்வியைத்தான் கேட்டாள். "தேடறாங்களா அம்மிணி?"

"தேடறாங்கக்கா" என்றாள் சிந்துஜா. இந்த முறை திரையைப் பார்க்காமல் சொன்னாள்.

நாச்சிமுத்து சில நாள் கழித்துக் கிடைத்தார். வாய்க்காலில் மடை திறக்கப் போனவர்கள் பார்த்துச் சொன்னார்கள். ஆள் அடையாளம் உறுதியானதும் 'சுவடு' தன் வழக்கப்படி பின்னோக்கித் தேடி, அவர் தென்பட்ட படங்களை எல்லாம் வழக்கில் சேர்த்தது. வாய்க்கால் பாலத்துக் காமிராவில் நிறைய இருந்தன. பாலத்துக் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்திருக்கிறார். வெயிலுக்குத் துண்டைத் தலையில் போட்டிருக்கிறார். ஒரு படத்தில் யாரோ கொடுத்த பன்னைத் தின்கிறார். மறுநாளும் அதே இடத்தில் உட்கார்ந்திருக்கிறார். காமிரா அவரைப் பார்த்துக்கொண்டேதான் இருந்திருக்கிறது. இவர்தான் அவர் என்று அதனிடம் யாரும் சொல்லவில்லை.

சிந்துஜா படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். கடைசிப் படம்வரை பார்த்தாள். நான்தான் செய்தேன் என்று வாயை மட்டும் அசைத்து, சத்தமில்லாமல் சொல்லிப் பார்த்தாள். வாக்கியம் சரியாகத்தான் இருந்தது. நெஞ்சில் ஏதாவது உடையும் என்று காத்திருந்தாள். ஒன்றும் உடையாததுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

ஞானசெல்வம் வந்து நின்றார். "அந்தப் பெரியவர் கேஸை முடிச்சிடும்மா. கிடைத்தவர்கள் பட்டையில சேர்த்திரு."

"உயிரில்லாமக் கிடைச்சதுக்குத் தனி கலர் போட்டுறட்டுங்களா சார்?"

"ரெண்டு கலர் வேண்டாம்மா. கிடைச்சா கிடைச்சதுதானே." பச்சைப் பட்டை ஒரு கோடு உயர்ந்தது.

ரஃபீக் அதற்கு மறுநாள் கூப்பிட்டான். வழக்கமான சிரிப்பு இல்லை.

"மேடம், முதல் பக்கத்துல ஒரு சிவப்புக் கோடு வச்சிருக்கீங்களே. அதுல ஒரு வடிகட்டி சேக்கணும். உடனே."

"ஏன் ரஃபீக்?"

"நிறைய புகார் வந்துருச்சு மேடம். காமிரா ஆளைக் காட்டுது, நம்ம ஆளுங்க போயிப் பாக்கறாங்க. அவங்க, 'அன்னிக்கே வந்து கேட்டீங்க, அன்னிக்கே வேண்டாம்னு சொல்லிட்டேன், மறுபடி எதுக்கு வந்தீங்க'ன்னு சண்டைக்கு வராங்க."

"எனக்குப் புரியல."

"இது ஒங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்னு நெனச்சேன். பதினெட்டு வயசு தாண்டினவங்க கிடைச்சா, அது காமிரால ஆனாலும் ஸ்டேஷன்காரங்க விசாரிச்சு ஆனாலும், மொதல்ல அவங்களைத்தான் கேக்கணும், வீட்டுக்குச் சொல்லலாமான்னு. வேண்டாம்னா சொல்லக் கூடாது. சட்டம் அப்படி. அந்தக் கேஸுக்குத் தடை போட்டுருவாங்க. ஆனா கேஸை முடிச்சா வீட்ல இருக்கறவங்களுக்குத் தெரிஞ்சிரும்ல, கிடைச்சிட்டாருன்னு? அதனால முடிக்க மாட்டாங்க. வெளிய பாக்கறவங்களுக்குத் தேடிட்டு இருக்கற மாதிரியே இருக்கும்."

"நிலுவைன்னே காட்டும்."

"ஆமா மேடம். எப்பவுமே."

"அதனாலதான் அந்தக் கோடு இறங்கவே இல்லையா?"

"காரணம் தெரியலைன்னு போட்ட கேஸ்ல முக்காவாசி அப்படித்தான் மேடம். காரணம் போனவங்களுக்குத் தெரியும்ல."

அவன் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. சேர்க்க வேண்டிய வடிகட்டியின் பெயரைச் சொன்னான்: தடை உள்ளவற்றை நீக்கு. "பேரெல்லாம் ஒங்களுக்குத் தெரியாது மேடம். எண்ணிக்கை மட்டும் குறையும். அதனால பிரச்சனை இல்ல."

"ரஃபீக், எங்க வீட்டுக்காரர் கேஸ்..."

"சொல்லக் கூடாது மேடம். எனக்கும் தெரியாது. தெரிஞ்சாலும் சொல்லக் கூடாது."

"உயிரில்லைன்னாலும் தடை போடுவாங்களா?"

"அதெப்படி மேடம். தடை போடணும்னா ஆளு வாயைத் தொறந்து வேண்டாம்னு சொல்லணும்ல."

போனை வைத்தாள். சார்ட்டின் அமைப்பைத் திறந்தாள். வடிகட்டியைச் சேர்ப்பதற்கு முன், கோட்டைப் பட்டையாக மாற்றி, காவல் நிலையவாரியாகப் பிரித்தாள். வரிசையாகக் குட்டிக் குட்டிப் பட்டைகள் வந்தன. செம்மாண்டவலசு நிலையத்துக்கு நேராக ஒன்றே ஒன்று. அந்த ஸ்டேஷனில் அப்படிப் போடச் சொன்னவள் அவள் ஒருத்திதான்.

பெயரை மறைத்துவிட்டால் ஆளை மறைத்துவிட்டதாகச் சட்டம் எழுதியவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். அவர்கள் சார்ட் போட்டுப் பழகியவர்கள் இல்லை.

வடிகட்டியைச் சேர்த்தாள். திரை ஒரு கணம் வெளுத்துத் திரும்பி வந்தது. பட்டைகள் பாதிக்கு மேல் காணாமல் போயிருந்தன. செம்மாண்டவலசு என்ற பெயர்கூட இல்லை. எண்ணிக்கை இல்லாத ஊரின் பெயரை 'சுவடு' காட்டாது.

உயிரோடு இருக்கிறான். எங்கேயோ ஒரு வாசலில் யாரோ போய் நின்று, உங்கள் மனைவிக்குச் சொல்லலாமா என்று கேட்டிருக்கிறார்கள். அவன் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறான். இந்த முறை இரண்டாவது தடவையாகப் போய் நின்றிருப்பார்கள். அனுப்பியவள் அவளே. அதற்கும் அவன் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பான்.

சிந்துஜாவுக்குச் சந்தோஷம் வரவில்லை. கோபத்தையாவது எதிர்பார்த்தாள், அதுவும் வரவில்லை. பட்டையை மறுபடி கோடாக மாற்றிச் சேமித்தாள்.

கோடு இப்போது கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாகக் கிடந்தது. ஞானசெல்வம் வந்து பார்த்தார்.

"அட, இறங்கிருச்சே. நம்ம முயற்சிதான். இனி முதல் பக்கத்துல எதுக்கும்மா? எடுத்திரு."

"மிச்சம் இருக்கறவங்க நிஜமாவே காணாமப் போனவங்க சார். மற்றவையில போட்டா அவங்களை யாரும் தேட மாட்டாங்க."

"ரொம்பச் சின்னத் துண்டும்மா. இதுக்குன்னு தனிப் பேர் போட்டா வேற ஒண்ணு ரெண்டாம் பக்கம் போயிரும்."

அவள் வாதாடவில்லை. வாதாடியிருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. அவளுக்குத் தோன்றவில்லை. அவர் சொன்னபடி எடுத்துவிட்டு, முதியோர் சார்ட்டை முதல் பக்கத்தில் வைத்தாள்.

வசந்தாமணி இறப்புப் பதிவுக்கான கடிதம் வாங்க அந்த வெள்ளிக்கிழமை வந்தாள். வாங்கிக்கொண்டு நேராகப் போயிருக்கலாம். சிந்துஜாவின் அறை வாசலில் வந்து நின்றாள். துக்க வீட்டிலிருந்து வருகிறவள் என்பதால் உள்ளே வரத் தயங்கினாள்.

"உள்ள வாங்கக்கா."

"இருக்கட்டும் சாமி, தீட்டு. சொல்லீட்டுப் போலாம்னு வந்தேன். வந்தப்பெல்லாம் முகஞ் சுளிக்காம பதில் சொன்னது நீ ஒருத்திதான்."

சிந்துஜா எழுந்து நின்றாள். அந்தப் பாலத்தைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தாள்.

"அக்கா..."

"தேடித்தான் பாத்தாங்க, அவிக என்ன பண்ணுவாங்க. எங்கய்யன் எப்படியோ கைக்குக் கிடைச்சுட்டாரு. கொள்ளி வெக்கவாச்சும் கிடைச்சுட்டாரு." வசந்தாமணி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "வெளிய வாட்ச்மேன் அண்ணன் சொன்னாரு, உங்கூட்டுக்காரரையும் மாசியில இருந்து காணோம்னு. உன்ற பாரத்தை ஒரு நாளும் காட்டிக்கலயே அம்மிணி. நான் பாட்டுக்கு என்ற பாரத்தையே கொண்டாந்து இங்க எறக்கிட்டு இருந்துட்டேன்."

இத்தனை நாள் சிந்துஜாவுக்கு வராமல் எங்கேயோ நின்றிருந்ததெல்லாம் அப்போதுதான் ஒன்றாக வந்து சேர்ந்தது.

"தீட்டுக் கழிஞ்சதும் எங்க மாரியாத்தாளுக்கு அவருக்குஞ் சேத்து ஒரு விளக்குப் போடறேன். பேரென்ன சாமி?"

"யுவராஜுங்கக்கா."

"யுவராசு" என்று மறந்துவிடாமலிருக்க இரண்டு தடவை சொல்லிக்கொண்டாள் வசந்தாமணி. "தேடறாங்கல்ல?"

"தேடறாங்கக்கா" என்றாள் சிந்துஜா. "நல்லாவே தேடறாங்க."